தலைப்புக்கு வெளியே ஒரு கேள்வி

மனுசனுக்குப் பகுத்தறிவு உண்டுன்னு நானும் எத்தனையோ மேடையில சொல்லியிருக்கேன் தம்பி. இனிமே சொல்ல மாட்டேன். தண்ணி லாரிக்குப் பின்னால ஒரு கோடை முழுக்க நின்னு பாத்துட்டேன். போதும்.

நீங்க சன்னலோரமே உக்காருங்க, எனக்கு வெயில் ஆகாது. எதுவரைக்கும்? ராசபாளையமா? நான் அதுக்கு முன்னாடியே இறங்கிருவேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பெறகு ஒரு விலக்கு வரும், அங்கருந்து உள்ள நடக்கணும். எங்க வீட்டம்மா அங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா. கூட்டிட்டு வரணும்.

என்னை எங்கயோ பாத்த மாதிரி இருக்கா? இருக்கும். நாவரசு வன்னியப்பெருமாள்னு நோட்டீஸ்ல போட்டிருப்பாங்க. கோயில் கொடை, பொங்கல் விழா, ஸ்கூல் ஆண்டு விழா, எங்க பட்டிமன்றம்னாலும் நான் இருப்பேன். பாத்ததில்லையா? சரி, உங்களுக்கு வயசு காணாது. நூல் மில்லுல டைம் ஆபீஸ்ல இருந்தேன், அது வயித்துப்பாட்டுக்கு. பேச்சுதான் நமக்கு உயிரு. கூட்டுக்குடும்பம் நல்லதா தனிக்குடும்பம் நல்லதான்னா நீங்க எந்த அணியில போட்டாலும் பேசுவேன். ஒரு ஊர்ல கூட்டுக்குடும்பத்துக்குப் பேசி ஜெயிச்சிட்டு, மறுவாரம் பக்கத்து ஊர்ல தனிக்குடும்பத்துக்குப் பேசி ஜெயிச்சிருக்கேன். ரெண்டு ஊர்லயும் கைதட்டுனாங்க. காரணத்தை அடுக்கிச் சொன்னா மனுசன் கேப்பான் தம்பி. கேக்காதவன்னு ஒருத்தனை நான் பாத்ததே இல்ல, இந்தப் பங்குனி வரைக்கும்.

பங்குனியில குழாய்ல காத்து வந்துச்சு. சித்திரையில அதுவும் நின்னு போச்சு. எங்க தெரு மேட்டுல இருக்கு, வந்தாலும் கடைசியிலதான் வரும். போன ஐப்பசியும் ஏமாத்திருச்சு, கார்த்திகையும் ஏமாத்திருச்சு, கெணறெல்லாம் அடி தெரியுது. லாரியில கொண்டாந்து ஊத்த ஆரம்பிச்சாங்க. என்னைக்கு வரும், எப்ப வரும்னு ஒருத்தருக்கும் தெரியாது. ஆரன் சத்தம் கேட்டா ஓட வேண்டியதுதான்.

முதல் நாள் நான் மாடி சன்னல்ல நின்னு பாத்தேன். சத்தம் கேட்டுத்தான் எந்திரிச்சேன், ஏதோ கொலைன்னு நெனச்சேன். தெருவுல நாம மரியாதையா பாக்குற பொம்பளைங்க தம்பி. சேலையைத் தொடை வரைக்கும் இழுத்துச் சொருகிக்கிட்டு, ஒருத்தி முடியை ஒருத்தி பிடிச்சுக்கிட்டு. லாரி மேல ஏறி மூடியைத் திறந்து ஓஸ் குழாயை உள்ள விடுறா ஒருத்தி, அவ காலைப் பிடிச்சு இழுக்குறா இன்னொருத்தி. பேசுன பேச்சை நான் இந்த வாயால சொல்ல முடியாது. பாலர்பள்ளி டீச்சர் ஒருத்தி இருக்கா, கனகவல்லின்னு. பேசுனா எதிராளிக்குக் கேக்காது, அவ்வளவு அடக்கம். அவ நிறைஞ்ச குடத்தை ஓரமா இறக்கி வச்சா. அடுத்த குடத்துக்கு ஓடணும். ஓடுறதுக்கு முன்னால அந்தக் குடத்துக்குள்ள காறித் துப்புனா. தன் குடத்துலயே. எவளும் தூக்கிரக் கூடாதுல்ல, அதுக்கு. வீட்டுக்குக் கொண்டு போயி பிள்ளைகளுக்குக் குடுக்கப் போற தண்ணி அது.

எனக்கு அன்னைக்குக் காபி இறங்கலை.

சுப்புத்தாய், எங்க வீட்டம்மா, அவ அந்தக் கூட்டத்துல இருந்தாளான்னு நான் கவனிக்கலை. அவ எங்க போறா, எங்க வாரான்னு நான் கேக்குறதில்ல தம்பி. பொம்பளைக்குச் சுதந்திரம் வேணும்னு மேடையில மட்டும் பேசுற ஆளு இல்ல நான்.

இறங்கிப் போனேன். அந்தப் புழுதியிலயும் சேத்துலயும் நின்னு, கையைத் தூக்கி, நாலு வார்த்தை பேசுனேன். எல்லாரும் கப்சிப்னு ஆயிட்டாங்க. ஒவ்வொருத்தியா குடத்தைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. லாரியில தண்ணி தீந்து போச்சு, அதனாலதான் போனாங்கன்னு பெறகு ஒருத்தன் சொன்னான். அவன் என்னைப் பிடிக்காதவன், எனக்கு எதிரணியில பேசித் தோத்தவன். நான் அதைக் காதுல போட்டுக்கலை.

ஒரு ஞாயித்துக்கிழமை ரேசன் கடை வாசல்ல கூட்டம் போட்டேன். கொடைக்கு மைக்செட் போடுற பையன் மைக்கைச் சும்மாவே குடுத்தான். தெருவே வந்திருச்சு. அன்னைக்குப் பேசுன பேச்சு மாதிரி நான் பேசுனதே இல்ல தம்பி. எறும்பைப் பாருங்கன்னேன். அதுக்கு யாரு வரிசை சொல்லிக் குடுத்தான்னு கேட்டேன். தள்ளுமுள்ளுல பாதித் தண்ணி தரையில சிந்துது, சிந்துற தண்ணி யாருக்கு ஆச்சுன்னு கேட்டேன். வரிசையில நின்னா சிந்தாது, சிந்தாட்டா எல்லாருக்கும் கிடைக்கும், எல்லாருக்கும் கிடைச்சா சண்டை எதுக்கு? ஒண்ணுல இருந்து ஒண்ணு, ஒண்ணுல இருந்து ஒண்ணு, மாலை கட்டுற மாதிரி கட்டிக் குடுத்தேன். கைதட்டல்னா கைதட்டல், ரேசன் கடை தகரமே அதிர்ந்துச்சு. கனகவல்லி டீச்சர் கண்ணைத் துடைச்சுக்கிட்டா.

கடைசியில பக்கத்து வீட்டு ஆரோக்கியசெல்வி எந்திரிச்சா. சின்னப் பொண்ணு, இடுப்புல நடை பழகுற வயசுல ஒரு பிள்ளை. புருசன் போர்வெல் லாரியில வடக்க போயிருக்கான். ஊர் ஊரா தண்ணி தோண்டிக் குடுக்குறவன், ஆறு மாசத்துக்கு ஒருக்க வருவான். அவ கேட்டா:

"அண்ணாச்சி, வரிசையிலயே நிக்கிறோம். கடைசியா நிக்கிறவளுக்கும் லாரியில தண்ணி இருக்குமா?"

நல்ல கேள்விதான். நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா பட்டிமன்றத்துல ஒரு மரபு இருக்கு. நான் சொன்னேன், "தாயே, நீ கேக்குறது தலைப்புக்கு வெளியே. இன்னைக்குத் தலைப்பு முறை. அளவைப் பத்தி இன்னொரு நாள் பேசுவோம்." எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் லேசாச் சிரிச்சிக்கிட்டு உக்காந்துட்டா. அத்தோட அந்த வாதம் முடிஞ்சு போச்சு.

சுப்புத்தாய் அந்தக் கூட்டத்துக்கு வரலை. காட்டுப்பக்கம் பம்புசெட்டு ஒண்ணுல தண்ணி விடுறாங்களாம்னு குடத்தைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. ஊரே உக்காந்து கேட்டுச்சு, கட்டுனவ கேக்கலை. என் பேச்சுல அவளுக்கு என்னைக்குமே நாட்டம் கிடையாது.

வரிசை ரெண்டு நாள் நின்னுச்சு. அழகுன்னா அழகு, சிவப்பு, பச்சை, நீலம்னு பிளாஸ்டிக் குடமெல்லாம் தெரு நீளத்துக்கு. நான் முன்னால நாக்காலி போட்டு உக்காந்திருந்தேன். மூணாவது நாளு பின்னால நின்ன ஒருத்தி லாரி டேங்கைக் கையால தட்டிப் பாத்தா. நங்குனு காலிச் சத்தம். அவ்வளவுதான் தம்பி. என்ன எறும்பு, என்ன மாலை. அந்தச் சத்தம் கேட்டதும் வரிசை முழுக்க ஒரே உடம்பு மாதிரி முன்னால பாஞ்சுச்சு. நான் மைக்கைப் பிடிச்சுப் பேசிக்கிட்டே இருக்கேன். கேக்குறதுக்கு ஒரு காது இல்ல. அவங்க மூஞ்சியைப் பாக்கணுமே. கண்ணு திறந்துதான் இருக்கு, உள்ள ஆளு இல்ல. நான் நல்லா அறிஞ்ச மூஞ்சிங்கதான், ஆனா ஒரு மூஞ்சிகூட எனக்கு அடையாளம் தெரியலை.

அருவருப்பு. அதுக்கு வேற வார்த்தை கிடையாது. நானும் தேடிப் பாத்துட்டேன்.

எங்க வீட்டை எடுத்துக்கங்க. அந்தக் கோடை முழுக்க எங்க வீட்டுல தண்ணி இல்லைங்கிற பேச்சே வரலை. நான் எளிமையான ஆளு. காலையில ரெண்டு வாளி, சாயந்தரம் ஒரு வாளி. தலைக்கு ஊத்துற அன்னைக்கு ஒரு வாளி கூட ஆகும். மேடைக்குப் போறவன் வேர்வை நாத்தத்தோட போக முடியுமா? வேட்டி தினம் துவைக்கணும், வெள்ளைன்னா வெள்ளையா இருக்கணும். அவ்வளவுதான் என் தேவை. பாத்ரூம் தொட்டி எப்பவும் நிறைஞ்சு கிடக்கும். குடும்பம்னா திட்டம் வேணும் தம்பி. திட்டமிட்டு வாழ்ந்தா எந்தப் பஞ்சத்துலயும் மனுசனா இருக்கலாம்னு தெருக்காரங்ககிட்டச் சொல்லியிருக்கேன். அவங்க என்னை ஒரு மாதிரியாப் பாப்பாங்க.

பெறகு ஆனி வந்துச்சு. லாரி நாலஞ்சு நாளா வரலை. டிரைவருக்குப் பயம், போன தடவை எவளோ கண்ணாடியை உடைச்சிட்டா. தெருவே காஞ்சு போயி, வாசல்ல வாசல்ல குடத்தை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. ஒரு நாள் உச்சி வெயில்ல வந்து நின்னுச்சு லாரி. நான் ஓடிப்போயி முன்னால நின்னுட்டேன். இன்னைக்கு விடக் கூடாது, இன்னைக்கு முறையா நடந்தே தீரணும்னு. வரிசை நின்னுச்சு. நிக்க வச்சேன்.

அப்ப நடுவுல இருந்து ஒருத்தி எல்லாரையும் இடிச்சுத் தள்ளிக்கிட்டு முன்னால வாரா. யாருன்னு பாத்தா எங்க வீட்டம்மா. சுப்புத்தாய். தலைமுடி அவுந்து கிடக்கு, கையில பக்கத்து வீட்டு ஆரோக்கியத்தோட குடம். நேரா வந்து ஓஸைப் பிடுங்கிக் குடத்துக்குள்ள விட்டுட்டா.

தெருவே என்னைப் பாக்குது தம்பி. என் இடத்துல நீங்க இருந்தா என்ன செய்வீங்க? என் பொண்டாட்டிங்கிறதுக்காக விட்டா, நாளைக்கு எந்த மூஞ்சியோட நான் மைக்கைப் பிடிப்பேன்? நான் குடத்து வாயில கையை வச்சு அடைச்சேன். தண்ணி என் கையில பட்டுத் தெறிச்சுக் கீழ ஓடுது.

"விடுங்க"ன்னா.

"முறைன்னு ஒண்ணு இருக்கு"ன்னேன். எல்லாருக்கும் கேக்குற மாதிரிதான் சொன்னேன்.

"ஆரோக்கியம் பிள்ளைக்கு விடியக்காலையில இருந்து வயித்தால போகுது. நாக்கை நனைக்க வீட்டுல சொட்டுத் தண்ணி இல்ல. கையை எடுங்க."

நான் கூட்டத்தைப் பாத்துத் திரும்புனேன். கருணைக்கு நான் எதிரி இல்ல, ஆனா கருணையும் முறையும் ஒரு நாக்காலியில உக்கார முடியாது, கருணைக்குக் கதவைத் திறந்தா அதுக்குப் பின்னாலயே களவும் வந்திரும்னு ஆரம்பிச்சேன். நல்ல வரி. முன்கூட்டி யோசிக்கலை, அப்படியே வந்துச்சு. முடிக்கிறதுக்குள்ள கடிச்சிட்டா.

இந்தா பாருங்க. கட்டைவிரலுக்குக் கீழ. நாய் கடிச்சதுன்னுதான் நெனைப்பீங்க. அதட்டலா, அடியா, ஒண்ணும் இல்ல. குனிஞ்சா, கடிச்சா. பல்லு உள்ள இறங்குனது எனக்குத் தெரிஞ்சுச்சு. என்னோட முப்பது வருசத்துக்கு மேல குடும்பம் நடத்துனவ. நான் சாப்பிட்டு எந்திரிச்ச பெறகு சாப்பிடுறவ. நான் கையை எடுத்தேன். அவ குடத்தை நிறைச்சா, தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டுப் போயிட்டா. வாயில என் ரத்தம், அதைத் துடைக்கக்கூட இல்ல. அவ போனதும் வரிசை உடைஞ்சுச்சு. என்னையும் நாக்காலியையும் சேத்து மிதிச்சிட்டுப் போனாங்க. என் அங்கவஸ்திரத்து மேல குடம் வச்சுத் தண்ணி பிடிச்சா ஒருத்தி.

ஊசி போட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். எனக்குக் கோவம் இல்ல தம்பி, வருத்தம்தான். அவளை உக்கார வச்சு, நிதானமா, நீ செஞ்சது ஏன் தப்புன்னு விளக்கிச் சொன்னேன். ஒரு மணி நேரம் சொல்லியிருப்பேன். அவ அரிசியில கல்லு பொறுக்கிக்கிட்டு இருந்தா. முடிச்சதும் முறத்தைக் கீழ வச்சிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னா. "இனிமே உங்க தண்ணிய நீங்க எடுத்துக்கங்க."

எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. தண்ணி எடுக்குறது என்ன பெரிய வித்தையா?

மறுநாள் காலையில தொட்டியைப் பாக்குறேன், அடியில ஒரு விரக்கடை கிடக்கு. அதுக்கு மறுநாள் அதுவும் இல்ல. நான் என்னமோ விடியுமுன்ன குழாய்ல வருதாக்கும், அதுல நிறையுதாக்கும்னு இருந்தேன். அவ சொல்லவும் இல்லையே. இத்தனை நாள் எங்கருந்து கொண்டாந்தான்னு ஒரு வார்த்தை சொன்னாளா? பம்புசெட்டுன்னு சொன்னது மட்டும்தான் ஞாபகம் இருக்கு. அது ஊருக்கு வெளிய ரொம்பத் தூரமாம். வாயைத் திறந்து பேசணும் தம்பி. பேசாட்டா அடுத்தவனுக்கு எப்படித் தெரியும்?

அந்தப் பிள்ளைக்கும், கடிச்ச அன்னைக்கு ராத்திரியே ரொம்ப முடியாமப் போச்சு. ஆரோக்கியம் அதைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா, சுப்புத்தாயும் கூடவே போயிட்டா. அங்கயே தங்கிட்டாங்க, குளுக்கோஸ் ஏத்துறாங்களாம். வீட்டுல நான் ஒத்தை ஆளு. குடிக்க ஒரு செம்புத் தண்ணி வச்சிட்டுப் போயிருந்தா, அது அன்னைக்குப் பொழுதுக்கே காணலை. கேன் தண்ணி போடுறவன் எங்க தெருவுக்கு வண்டியையே விடுறதில்ல, வழியிலயே பிடுங்கிக்கிறாங்கன்னு. டீக்கடையில டீயா வாங்கிக் குடிச்சேன், அது குடிக்கக் குடிக்க நாக்கு இன்னும் வறளுது. குடிக்கத் தண்ணி கேட்டா கடைக்காரன் வேற பக்கம் திரும்பிக்கிட்டான்.

லாரி வந்துச்சு. நானும் குடத்தைத் தூக்கிக்கிட்டுப் போனேன். குடத்தை எப்படிப் பிடிக்கிறதுன்னே எனக்குத் தெரியலை, அது வழுக்குது. வயசானவன், பொதுக்காரியத்துக்கு உழைச்சவன், எனக்கு முன்னுரிமை தரலாமேன்னு எடுத்துச் சொன்னேன். முன்னுரிமைங்கிறதும் ஒரு முறைதான், அது வரிசைக்கு விரோதம் இல்லன்னு விளக்குனேன். கனகவல்லி டீச்சர் திரும்பிப் பாத்து, "அதெல்லாம் தலைப்புக்கு வெளியே அண்ணாச்சி"ன்னா. அந்த அடக்கமான பொம்பளை. நான் கொஞ்சம் முன்னால நகந்தேன். தள்ளலை, நகந்தேன். ஒரு கிழவி விழுந்துட்டா, அவளுக்கு ஏற்கெனவே கால் சரியில்ல. நான் ஓஸ் கிட்டப் போறதுக்குள்ள தண்ணி நின்னு போச்சு.

கக்கூஸை நான் சொல்ல வேண்டாம்னு பாக்குறேன். ஊத்தத் தண்ணி இல்லாம ஒரு வீட்டுக் கக்கூஸ் ரெண்டு நாள் கிடந்தா எப்படி இருக்கும்னு நீங்களே நெனச்சுக்கங்க. வீடு முழுக்க அந்த நாத்தம். என் மேல என் நாத்தம். என் வேட்டி என் தொடையில ஒட்டுது. எனக்கே என்னைக் கண்டா குமட்டுது தம்பி. நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கிட்டு, பிரிச்சா பிய்யுற மாதிரி வலிக்குது.

ஆரோக்கியம் வீடு பக்கத்துலதான், சொன்னேன்ல. கதவுக்குப் பூட்டு இல்ல, கொக்கிதான். அந்தத் தெருவுல யாரும் பூட்டுறதில்ல, தண்ணியைத் தவிர திருட என்ன இருக்கு? நான் எதுக்குப் போனேன்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியலை. ஆஸ்பத்திரியில இருந்து வந்துட்டாங்களான்னு பாக்கத்தான் போயிருப்பேன். அடுப்படியில ஒரு குடம் இருந்துச்சு. மேல தட்டு வச்சு மூடி, தட்டு மேல ஒரு கல்லு. சுப்புத்தாய் கடிச்சுட்டு எடுத்துட்டுப் போனாளே, அந்தக் குடம்தான். பிள்ளை திரும்பி வந்தா காய்ச்சிக் குடுக்கணும்னு வச்சிருந்திருக்காங்க.

ஒண்ணு சொல்றேன் தம்பி, இதை நான் வேற யாருகிட்டயும் சொன்னதில்ல. அந்தத் தட்டைத் தூக்குறப்ப என் தலைக்குள்ள ஒரு சொல் இல்ல. நாப்பது வருசமா பேசுறவன் நான். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒரு விசயத்துக்கு ரெண்டு பக்கமும் பேசுவேன். அன்னைக்கு ஒரு பக்கமும் இல்ல. சரியா தப்பான்னு கேக்குறதுக்கு உள்ள ஆளே இல்ல. குடத்துல வாயை வச்சு, மாடு மாதிரி...

சரி, அது வேற. அதை விடுங்க.

குடிச்சேன். வயிறு நிறையக் குடிச்ச பெறகும் முக்கால் குடம் மிச்சம் இருந்துச்சு. அதைத் தூக்கிக்கிட்டுப் பின்வாசலுக்குப் போயி தலையில ஊத்திக்கிட்டேன். பூராத்தையும். அந்தச் சுகத்தை நான் என்னன்னு சொல்ல. கண்ணை மூடிக்கிட்டு நின்னுருக்கேன், கண்ணைத் திறந்தா வாசப்படியில ரெண்டு பொம்பளைங்களும் நிக்கிறாங்க. ஆரோக்கியம் தோள்ல அந்தப் பிள்ளை. வத்திப் போயி, கண்ணு குழியில கிடக்கு. அது என் முழங்கையையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. முழங்கையில இருந்து தண்ணி சொட்டிக்கிட்டு இருந்துச்சு.

ஆரோக்கியம் குடத்தை எடுத்துக் கவுத்துப் பாத்தா. சுப்புத்தாய் அன்னைக்கு மாதிரி வந்து கடிச்சிருந்தாக்கூட எனக்குப் புரிஞ்சிருக்கும். வீட்டுக்குப் போயி ரெண்டு சேலையைப் பையில வச்சா. தெருவுல வீடு வீடாப் போயி ஆளுக்கு ஒரு டம்ளர்னு வாங்கி ஒரு தூக்குச்சட்டியை நிறைச்சு ஆரோக்கியத்துகிட்டக் குடுத்தா. ஒருத்தியும் இல்லைங்கலையாம். லாரிக்கு முன்னால மண்டையை உடைச்சுக்கிறவளுகதான். அதுக்கு என்ன காரணம்னு இன்னைய வரைக்கும் எனக்கு விளங்கலை. நான் கேட்டிருந்தா ஒரு சொட்டுக் குடுத்திருப்பாளுகளா? சட்டியைக் குடுத்துட்டு, சுப்புத்தாய் தங்கச்சி ஊருக்குப் பஸ் ஏறிப் போயிட்டா.

பிள்ளையா? பிழைச்சுக்கிச்சு. இப்ப நல்லா ஓடியாடுது. அதைத்தான் நானும் கேக்குறேன். அந்தக் குடம் இல்லாட்டா செத்துப்போகும்னா, செத்துல்ல போயிருக்கணும்? போகலைல்ல. அப்ப அந்தத் தண்ணி அதுக்குத் தேவைப்படலைன்னுதானே அர்த்தம்? தேவைப்படாத தண்ணி, மூடி வச்ச தண்ணி, அது தேவைப்பட்டவனுக்குப் போச்சு. இதுல எங்க தப்பு? நீங்க படிச்ச பிள்ளை, நீங்க சொல்லுங்க. சன்னலைப் பாத்துக்கிட்டு வாரீங்க. சரி.

தெருக்காரங்க இப்ப என்கிட்டப் பேசுறதில்ல. ஆடியிலயும் மழை இல்ல. கொடைக்குக்கூட இந்த வருசம் வெளியூர்ப் பேச்சாளரைக் கூப்பிட்டுட்டாங்க. நான் கவலைப்படலை. மிருகத்துக்கிட்ட மேடை போட்டது என் தப்பு. பசிச்சவன்கிட்ட, தாகம் எடுத்தவன்கிட்ட என்னத்தைப் பேச? வயித்துக்குக் காது கிடையாது.

சுப்புத்தாய் விசயம் வேற. அவ படிக்காதவளே தவிர, எடுத்துச் சொன்னா புரிஞ்சுக்குவா. அவ என்னைக்கும் எதிர்வாதம் பண்ண மாட்டா, அதனால கஷ்டம் இல்ல. மூணு காரணம் யோசிச்சு வச்சிருக்கேன். ஒண்ணு, புருசனைத் தெருவுக்கு முன்னால கடிச்சது அவ, நான் அதை மன்னிச்சிட்டேன். ரெண்டு, அவ சொல்லாம விட்டதுனாலதான் தண்ணி எங்கருந்து வருதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சு, ஆக மூலகாரணம் நான் இல்ல. மூணாவது கொஞ்சம் உருக்கமா இருக்கும். அதை நேர்ல, அவ மூஞ்சியைப் பாத்துத்தான் சொல்லணும். ஊர்ல இருந்து இங்க வரைக்கும் மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டேதான் வந்தேன்.

கண்டக்டர் விசில் ஊதிட்டாரு, என் விலக்குதான். தம்பி, மேல அந்த மூட்டையைக் கொஞ்சம் இறக்கிக் குடுங்க. ஆமா, அந்தத் துப்பட்டியில கட்டுனதுதான். நாத்தம் அதுலருந்துதான் வருது, தப்பா நெனச்சுக்காதீங்க. அழுக்கு வேட்டிங்க, அவ போனதுல இருந்து சேந்தது. அவ தங்கச்சி வீட்டுக் கெணத்துல இப்பவும் கையால மோந்து எடுக்குற மாதிரித் தண்ணி கிடக்காம், மலை ஊத்து. எங்க தெருவுல ஒருத்தன் பாத்துட்டு வந்து டீக்கடையில சொல்லிக்கிட்டு இருந்தான். அதைக் கேட்டதுல இருந்து எனக்கு இருப்புக் கொள்ளலை.

போனதும் முதல்ல அவளை உக்கார வச்சுப் பேசிரணும். இல்ல, முதல்ல கெணத்தடிக்குப் போயி ரெண்டு வாளி ஊத்திக்கிறேன் தம்பி. பேசுறதுக்கு என்ன, அது பெறகு பேசிக்கலாம்.